சேனல் மேப்பிங்கில் முன்னுரிமை எண்: பாதை குறைந்தவருக்குத்தான் முதலிடம்

ஐபிஎம் மெயின்ஃப்ரேம் மாற்றும் ஒருவரின் கேள்வி இது: "இசட்14-லிருந்து இசட்16-க்கு மாறுகிறோம். சிப்பிட் மேப்பிங் டூலில் தானியங்கி முறையை ஓட்டினால் எல்லா சிப்பிட்டுக்கும் (சேனலின், அதாவது சாதனங்களுக்குப் போகும் வழியின், பெயர்) பீச்சிட் (அதன் இடம்) விழுந்துவிடுகிறது. அப்படியிருக்க, கண்ட்ரோல் யூனிட் (டிஸ்க், டேப் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பகுதி) பட்டியலில் இருக்கும் முன்னுரிமைக் கட்டத்தை நிரப்பத்தான் வேண்டுமா? நிரப்புவதென்றால் மிக முக்கியமான டிஸ்க்குக்கு 1, அடுத்ததற்கு 2 என்று போகலாமா?"

நிரப்ப வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசையில் அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். முன்னுரிமை என்றதும் டபிள்யூஎல்எம் (இயங்குதளத்தில் வேலைகளுக்கு முன்னுரிமை பார்க்கும் பகுதி) நினைவுக்கு வந்து, எண் சிறியதாக இருந்தால் அந்த டிஸ்க்கின் ஐஓ (உள்ளீடு-வெளியீடு) வேகமாகப் போகும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓடும்போது எந்த ஐஓ முதலில் போகும் என்பது இயங்குதளமும் சேனல் சப்சிஸ்டமும் பார்த்துக்கொள்கிற வேலை. மேப்பிங் டூலின் எண் இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. எந்த கண்ட்ரோல் யூனிட்டின் பாதைகளுக்கு முதலில் இடம் தேடுவது, எவற்றையெல்லாம் ஒரே குழுவாக நினைத்துத் தனித்தனி இடங்களில் பரப்புவது, இந்த இரண்டைத்தான் அது சொல்கிறது. இவற்றில் இரண்டாவதுதான் கனமானது. அதை ஆவணத்தில் படித்துவிட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பின்னணி. 2003-இல் வந்த இசட்990-இலிருந்து சிப்பிட் என்பது வெறும் பெயர்தான். ஒரு சேனல் சப்சிஸ்டத்துக்குள் 00 முதல் பதினாறடிமானத்தின் கடைசி ஈரிலக்க எண்ணான FF வரை 256 பெயர்கள். பீச்சிட் என்பது இடம்: எந்த டிராயர், எந்த ஸ்லாட், எந்த போர்ட் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்க எண். கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினால் பீச்சிட் மாறும். பெயரையும் இடத்தையும் முடிச்சுப் போடுவது ஐஓசிபி (உள்ளீடு-வெளியீட்டு வரையறைக் கோப்பு) வரி. எச்சிடி-யில் (வன்பொருள் வரையறை எழுதும் மென்பொருள்) நீங்கள் எழுதும் வரையறைக்குப் பெயர் தெரியும், இடம் தெரியாது. ஆர்டருக்குரிய கட்டமைப்புக் கோப்புக்கு இடம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டையும் உள்ளே வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் டூலின் வேலை.

முடிச்சுப் போடுவதில் தவறு இருந்தாலும் உடனே தெரிய வாய்ப்பே இல்லை. எப்படிப் போட்டாலும் இயந்திரம் எழும், பாதைகள் ஆன்லைனில் வரும், எல்லாம் பச்சையாகத் தெரியும். ஒரு கார்டு செத்துப்போகும் அன்றைக்குத்தான் மேப்பிங் நன்றாக இருந்ததா இல்லையா என்பது வெளியே வரும். அதனால்தான் "எல்லாவற்றுக்கும் பீச்சிட் விழுந்துவிட்டது" என்பதை நான் வெற்றியாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி உங்கள் வரிசைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு ஃபைகான் (டிஸ்க், டேப்புக்கான சேனல் இணைப்பு) கார்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு போர்ட், ஆக எட்டு சேனல். 50 முதல் 57 வரை எட்டு சிப்பிட்டும் உங்கள் முக்கியமான டிஸ்க்குக்குப் போகின்றன. ஒரு டேப் கண்ட்ரோலர், சுவிட்ச் வழியாக 50, 51 என்ற இரண்டை மட்டும் பகிர்ந்துகொள்கிறது. டிஸ்க்குக்கு 1 என்று எண் கொடுத்து முதலில் இடம் பிடிக்க விட்டால் டூல் எட்டு சிப்பிட்டையும் நான்கு கார்டில் இரண்டிரண்டாகப் போடும். வேறு வழியும் இல்லை. டிஸ்க்கின் கண்ணில் எந்த இரண்டு எந்தக் கார்டில் ஜோடி சேர்கின்றன என்பது ஒரு பொருட்டே அல்ல. எந்தக் கார்டு போனாலும் எட்டில் இரண்டு போகும், ஆறு மிஞ்சும். ஆகவே 50-ம் 51-ம் ஒரே கார்டில் உட்கார்ந்தாலும் டூலுக்கு அதில் குறையொன்றும் தெரியாது. அடுத்து டேப்பின் முறை வரும்போது அதன் இரண்டு சேனலுக்கும் இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தக் கார்டு போனால் டேப் மொத்தமாகப் போகும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். டேப்புக்குச் சிறிய எண். 50 ஒரு கார்டில், 51 இன்னொரு கார்டில், முடிந்தால் வேறு டொமைனில் (ஒரே இணைப்பைப் பகிரும் ஸ்லாட்டுகளின் குழு). அதற்குப் பிறகு டிஸ்க் வருகிறது, மிச்சமுள்ள ஆறையும் போடுகிறது. டிஸ்க்குக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. இப்போதும் எந்தக் கார்டு போனாலும் ஆறு மிஞ்சும். டேப்போ பிழைத்துக்கொண்டது.

இதுதான் நான் சொல்ல வருவது. முன்னுரிமை எண்ணைத் தொழில் முக்கியத்துவத்தை வைத்துக் கொடுக்காதீர்கள். பாதை எண்ணிக்கையை வைத்துக் கொடுங்கள். எட்டுப் பாதை வைத்திருப்பவர் எங்கே உட்கார்ந்தாலும் பிழைத்துக்கொள்வார். ஒன்றோ இரண்டோ பாதை வைத்திருப்பவர்தான் இடம் பார்த்து உட்கார வேண்டும். முக்கியமான டிஸ்க்குக்கு எட்டுப் பாதை கொடுத்தபோதே அதன் பாதுகாப்பில் பெரும்பகுதியை நீங்கள் வாங்கிவிட்டீர்கள்.

அடுத்தது குழு விஷயம். டூல் ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டையும் அதன் பாதைகளை வைத்துத்தான் பார்க்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பாதை இருந்தால் அவற்றைப் பிரித்துப் போட வேண்டும் என்று அதற்கே தெரியும். ஓஎஸ்ஏ-வை (மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் கார்டு) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓஎஸ்ஏ சிப்பிட்டுக்கும் ஒரு கண்ட்ரோல் யூனிட், அதற்கு ஒரே பாதை. உங்கள் டிசிபி/ஐபி-யில் ஒன்று முதன்மை, மற்றது அது விழுந்தால் எடுத்துக்கொள்வது. இது உங்களுக்குத் தெரியும், டிசிபி/ஐபி-க்குத் தெரியும். ஐஓசிபி கோப்பில் அப்படியொரு வரியே கிடையாது. டூலின் கண்ணில் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பேர். இரண்டையும் ஒரே டொமைனில் அடுத்தடுத்த ஸ்லாட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கும். இரண்டு கண்ட்ரோல் யூனிட்டுக்கும் ஒரே முன்னுரிமை எண்ணைக் கொடுத்தால்தான் "ஓகோ, இவர்கள் ஒரு ஜோடி" என்று அதற்குப் புரியும், பிரித்துப் போடும்.

கன்சோல்களுக்கும் இதே கதைதான். ஓஎஸ்சி வகை (ஓஎஸ்ஏ கார்டையே கன்சோலுக்குப் பயன்படுத்துவது) சிப்பிட் இரண்டு வைத்திருப்பீர்கள். இரண்டிலும் 3270 (மெயின்ஃப்ரேம் திரை முனையம்) செஷன்கள் பாதிப்பாதி. அந்த இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள், அதுவும் பட்டியலிலேயே மிகச் சிறிய எண்ணாக. டிஸ்க்கில் பாதி பாதை போனாலும் ஆள் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். கன்சோல் இரண்டும் சேர்ந்து போனால் எதையும் சரிசெய்ய உட்காருவதற்கே இடம் இருக்காது. ஃபைகான் சிடிசி-யையும் (இரண்டு சிஸ்டங்களை நேரே இணைக்கும் சேனல்) பாருங்கள். இரண்டு எல்பார்களுக்கிடையே (இயந்திரத்தைப் பிரித்த தனித்தனிப் பகுதிகள்) எக்ஸ்சிஎஃப் சமிக்ஞைக்கு (சிஸ்டங்கள் தமக்குள் பேசிக்கொள்வது) இரண்டு சிடிசி வழி வைத்திருந்தால், ஒவ்வொரு வழியும் தனித்தனி கண்ட்ரோல் யூனிட்டாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அவற்றையும் ஜோடி சேர்க்க வேண்டியது நீங்கள்தான்.

ஆக, எண்ணின் அளவைவிட யார் யாரோடு ஒரே எண்ணைப் பகிர்கிறார்கள் என்பதே பெரிய முடிவு. இதைப் புரிந்துகொண்ட உற்சாகத்தில் சிலர் எல்லா ஓஎஸ்ஏ-க்கும் ஒரே எண், எல்லா சிடிசி-க்கும் ஒரே எண் என்று போட்டுவிடுவார்கள். அதுவும் ஆபத்து. பன்னிரண்டு ஓஎஸ்ஏ ஒரே குழுவென்றால் பன்னிரண்டையும் பரப்பப் பார்க்கும். உள்ளே யார் யாருக்கு மாற்று என்பது மறுபடியும் அதற்குத் தெரியாது. இருக்கும் டொமைன்கள் பன்னிரண்டைவிடக் குறைவென்றால் யாராவது சேர்ந்துதான் உட்கார வேண்டும். அது உங்கள் ஜோடியாகவே இருந்துவிடலாம். ஒருவர் விழுந்தால் ஒருவர் தாங்க வேண்டியவர்கள் மட்டுமே ஒரே எண்ணில் இருக்கட்டும். ஜோடி ஜோடியாக எண் கொடுங்கள். எண்களுக்கு நடுவே இடைவெளியும் விடுங்கள்: கன்சோலுக்கு 100, ஓஎஸ்ஏ ஜோடிகளுக்கு 210, 220, 230, இரண்டு பாதை டேப்புகளுக்கு 310 தொடங்கி. நாளைக்கு ஒரு ஜோடி கூடினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்காது. எட்டுப் பாதை டிஸ்க்குகளைக் காலியாகவே விட்டுவிடுவது என் வழக்கம்.

கப்ளிங் லிங்க்குகளுக்கு (பல சிஸ்டங்கள் பகிரும் கப்ளிங் ஃபெசிலிட்டிக்குப் போகும் இணைப்புகள்) தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பாதி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ஒரே பெட்டிக்குள் ஓடும் இன்டர்னல் கப்ளிங்குக்கும் ஹைப்பர்சாக்கெட்டுக்கும் பீச்சிட் கிடையாது. வன்பொருள் இல்லாததற்கு இடம் எதற்கு. ஐசிஏ எஸ்ஆர் (குறுந்தூரக் கப்ளிங் அடாப்டர்) வகைக்கும் பீச்சிட் இல்லை. அதற்கு அடாப்டர் ஐடியும் போர்ட் எண்ணும். இந்த அடாப்டர் ஐடி பீச்சிட்டுக்கு நேர் எதிர் குணம் கொண்டது. அது இடத்தோடு ஒட்டியதல்ல, ஃபேன்அவுட் கார்டின் வரிசை எண்ணோடு ஒட்டியது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் ஐடியும் கூடவே போகும்.

ஐசிஏ எஸ்ஆர்-இல் ஒரு பொறி இருக்கிறது. ஒரே போர்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சிப்பிட் வரையறுக்க முடியும். இசட்13, இசட்14 காலத்திலேயே ஒரு போர்ட்டுக்கு நான்கு. திரையில் கப்ளிங் ஃபெசிலிட்டிக்கு நான்கு சிப்பிட், நான்கும் ஆன்லைன் என்று கம்பீரமாகத் தெரியும். கீழே கேபிள் ஒன்றே ஒன்றாக இருக்கும். இரண்டாவது சங்கதி, இந்த ஃபேன்அவுட்கள் ஐஓ டிராயரில் அல்ல, செயலி டிராயரிலேயே செருகப்படுபவை. ஐஓ டிராயர்களுக்கு மாற்று இணைப்பு உண்டு. ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் இரண்டு டொமைன்களையும் சுமக்கும். செயலி டிராயரில் செருகிய கப்ளிங் லிங்க்குக்கு அந்தச் சலுகை இல்லை. பழுதுக்காகவோ நினைவகம் கூட்டவோ அந்த டிராயரைக் கழற்றினால் அதிலுள்ள லிங்க்கும் போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட செயலி டிராயர் உள்ள இயந்திரம் என்றால் ஒவ்வொரு கப்ளிங் ஃபெசிலிட்டிக்கும் போகும் லிங்க்குகள் குறைந்தது இரண்டு டிராயரில் பிரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இதை மட்டும் நான் தானியங்கி முறையிடம் விடமாட்டேன். முதலிலேயே கையால் போட்டுவிட்டு மிச்சத்தை அதனிடம் கொடுப்பேன்.

உங்கள் மாற்றத்தில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இசட்14-இன் பெரிய மாடல்களில் ஒரு ஐஓ டிராயரில் 32 ஸ்லாட், எட்டெட்டாக நான்கு டொமைன். இசட்16-இன் டிராயரில் 16 ஸ்லாட், இரண்டே டொமைன். ஆகவே பழைய இயந்திரத்தின் மேப்பிங்கை வைத்துக்கொண்டு "முன்பு மூன்றாம் டொமைனில் இருந்தது, இப்போதும் அப்படியே" என்று நகலெடுக்கப் பார்க்காதீர்கள். தரை அமைப்பே வேறு. பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது யார் யாருக்கு ஜோடி என்ற அறிவை மட்டும்.

டூலை ஓட்டி முடித்ததும் அது இன்டர்செக்ட் என்று ஒரு கட்டத்தில் எழுத்துகளாக எச்சரிக்கை காட்டும். சி என்றால் இந்த கண்ட்ரோல் யூனிட்டின் இரண்டோ அதற்கு மேலோ பாதைகள் ஒரே கார்டில் இருக்கின்றன. எஸ் என்றால் பாதிக்கு மேற்பட்டவை ஒரே உள்கட்டமைப்பைச் சார்ந்திருக்கின்றன. எழுத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். பாதை எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். மேலே சொன்ன கணக்கில் டிஸ்க்குக்கு சி நிச்சயம் வரும். எட்டு சேனல், நான்கு கார்டு, வராமல் எப்படி இருக்கும்? அது தகவல்தான், விட்டுவிடலாம். இரண்டு பாதை டேப்புக்கு சி வந்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சரிசெய்ய வேண்டும். எஸ் இதைவிட மென்மையானது. ஐஓ டிராயருக்குள் ஒரு டொமைனின் இணைப்பு போனால் ஜோடி டொமைன் தாங்கிக்கொள்ளும். நடைமுறையில் கார்டு பழுதும், கார்டு மாற்றுவதற்காக எல்லாப் போர்ட்டையும் சேர்த்து இறக்குவதும்தான் அடிக்கடி வருபவை. எனவே நேரம் குறைவு என்றால் சி-க்களை மட்டுமாவது பாதை குறைந்த வரிசையில் பாருங்கள். இசட்17-இல் ஒரே கார்டில் நான்கு ஃபைகான் போர்ட் வைத்த கார்டும் வந்துவிட்டது; அங்கே ஒரு கார்டின் இழப்பு இரட்டிப்பு. இந்தப் பழக்கம் இனி இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

சில இடங்களில் கையால் மாற்றிப் போட வேண்டிவரும். போடுங்கள், தவறில்லை. மறுபடி தானியங்கி முறையை ஓட்டும்போது மட்டும் கவனம். எவற்றைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று டூல் கேட்கும்: தானாகப் போட்டவற்றையா, நீங்கள் கையால் போட்டவற்றையா, ஐஓசிபி-யிலேயே வந்தவற்றையா. புது இயந்திரத்துக்கு மூன்றாவது பெரிதாகப் பொருட்டில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கார்டு கூட்டுகிறீர்கள் என்றால் அதைத் தொடவே கூடாது. தொட்டால் ஓடிக்கொண்டிருக்கும் சேனல்களெல்லாம் புது இடம் பெறும். தரைக்கடியில் கிடக்கும் அத்தனை கேபிளையும் பிடுங்கி மாற்றச் சொல்லும் அறிக்கை அழகாக அச்சாகி வரும். கையால் போட்டதைத் தவறுதலாகக் கலைத்தால் சேதம் அவ்வளவு இல்லை, ஒரு பிற்பகல் போகும்.

கோப்புகள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. எச்சிடி-யில் சரிபார்க்கப்பட்ட வொர்க் ஐஓடிஎஃப் (எச்சிடி-யின் வரையறைக் கோப்பு) ஒன்றைக் கட்டி, அதிலிருந்துதான் ஐஓசிபி கோப்பை எடுக்க வேண்டும். டூல் திருப்பிக் கொடுக்கும் கோப்பை எச்சிடி-யின் மைக்ரேட் வழியில், பீச்சிட் மட்டும் என்ற தேர்வில் உள்ளே கொண்டுவாருங்கள். நடுவில் எடிட்டரில் திறந்து "ஒரே ஒரு பீச்சிட்தானே" என்று மாற்றாதீர்கள். மாற்றினால் ஐஓடிஎஃப் ஒன்று சொல்லும், இயந்திரத்திலுள்ள ஐஓசிடிஎஸ் (இயந்திரம் படிக்கும் வரையறை) வேறொன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பின்னால் ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) இல்லாமல் மாற்றங்களை ஏற்றும் வசதிக்கே வேட்டு. இரண்டாவது, ஆர்டரில் ஒரு கார்டு கூடினாலோ குறைந்தாலோ புதுக் கட்டுப்பாட்டு எண்ணோடு புதுக் கட்டமைப்புக் கோப்பு வரும். கார்டுகளின் ஸ்லாட் வரிசையே அதில் மாறியிருக்கலாம். விற்பனைத் தரப்பில் "சின்ன மாற்றம்தான்" என்பார்கள். சின்னதோ பெரியதோ, புதுக் கோப்பை வாங்கி மேப்பிங்கை மறுபடி ஓட்டாமல் கேபிள் போடுபவரிடம் அறிக்கையைக் கொடுக்காதீர்கள். முன்னுரிமை எண்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தால் மறு ஓட்டம் பெரிய வேலையல்ல.

டூலுக்குத் தெரியாதவை நிறைய என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பார்ப்பது மெயின்ஃப்ரேம் பெட்டியின் உட்புறத்தை மட்டும். நான்கு கார்டில் அழகாகப் பிரிந்த நான்கு சேனலும் பேட்ச் பேனலில் ஒரே டிரங்க்கில் ஓடினாலோ, ஃபைகான் டைரக்டரில் ஒரே பிளேடில் இறங்கினாலோ, டிஸ்க் பெட்டியில் ஒரே ஹோஸ்ட் அடாப்டரைத் தொட்டாலோ அதற்குத் தெரியாது. அதற்கு நீங்களே ஒரு தாளில் ஒவ்வொரு பாதையையும் பெட்டியிலிருந்து டிஸ்க் வரை எழுதிப் பார்ப்பதுதான் வழி. எல்லாவற்றுக்கும் வேண்டாம், கப்புள் டேட்டா செட் (சிஸ்டங்கள் பகிரும் கட்டுப்பாட்டுத் தகவல்) இருக்கும் டிஸ்க்குகள், ஐபிஎல் வால்யூம்கள், மாஸ்டர் கேட்டலாக் இவற்றுக்குப் போதும். கப்புள் டேட்டா செட்டுக்கு இசட்/ஓஎஸ்-இன் ஹெல்த் செக்கர் ஒற்றைத் தோல்விப் புள்ளி இருக்கிறதா என்று தானே பார்த்துச் சொல்லும். அந்தச் செக்கை யாராவது சத்தம் தாங்காமல் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாகச் சோதனை. புது இயந்திரம் வந்து, உற்பத்தி வேலை ஏறுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் இதைச் செய்துவிடுங்கள், பிறகு யாரும் அனுமதி தரமாட்டார்கள். டூலின் அறிக்கையை இட வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டைத் தேர்ந்தெடுங்கள். அதிலுள்ள எல்லா சிப்பிட்டையும் ஒவ்வொரு எல்பாரிலும் கான்ஃபிக் கட்டளையால் ஆஃப்லைன் ஆக்குங்கள். பயன்பாட்டிலுள்ள ஏதாவது சாதனத்துக்கு அதுவே கடைசிப் பாதை என்றால் சிஸ்டம் மறுக்கும்; வலுக்கட்டாயத் தேர்வைப் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள், அந்த மறுப்பைக் கேட்கத்தானே இந்தச் சோதனை. மறுக்காமல் போய்விட்டால் டி எம்=டெவ் (சாதனத்தின் பாதைகளைக் காட்டும் கட்டளை) கொடுத்து, பாதை குறைந்த சாதனங்களில் ஒன்றுக்கு எத்தனை வழி மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஓஎஸ்ஏ இருக்கும் கார்டு என்றால் டிசிபி/ஐபி முகவரி மற்ற ஓஎஸ்ஏ-வுக்குத் தாவியதா என்றும் பாருங்கள். கன்சோல் கார்டு என்றால் மற்ற ஓஎஸ்சி-யில் உள்ள செஷனில் உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள். பிறகு ஆன்லைன் ஆக்கிவிட்டு அடுத்த கார்டு. எல்லாக் கார்டும் வேண்டியதில்லை. ஓஎஸ்ஏ, ஓஎஸ்சி, டேப் தொட்ட கார்டுகளை முடியுங்கள். டிஸ்க் மட்டுமே தொட்ட கார்டுகளில் ஒன்றிரண்டு போதும். மறுப்பு வந்தால் மேப்பிங் டூலுக்குத் திரும்பி, அந்தச் சாதனத்தின் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சிறிய எண்ணையோ ஜோடி எண்ணையோ கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மாறும் கேபிள்கள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.